வீட்டில் பிள்ளைகளோடு படம் கீறலும் கைவேலையும்: கொழும்புப் பெற்றோரின் கேள்விகள்

வெள்ளவத்தையில் வார இறுதிகளில் சின்னப் பிள்ளைகளோடு சித்திரமும் கைவேலையும் செய்து வருகிறேன். பிள்ளையைக் கூட்டிப் போக வரும் அம்மா, அப்பா, அம்மம்மாமார் வாசலில் நின்று கேட்கும் கேள்விகள்தான் இவை. பதில்கள் மட்டும் வாசலில் சொன்னதைவிடக் கொஞ்சம் நீளம்.

எனக்கு ஒரு பூனைகூடக் கீற வராது. நான் என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறது?

ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பக்கத்தில் உங்களுக்கென்று ஒரு கடதாசியை எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் கீறுங்கள். கோணல் மாணலாக வந்தால் இன்னும் நல்லது. அம்மாவுக்கும் சரியாக வரவில்லை, ஆனாலும் அம்மா கீறுகிறா என்பதைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளையின் கடதாசியில் உங்கள் கை படக்கூடாது. “இஞ்ச தாங்கோ, அம்மா வடிவாக் கீறித் தாறன்” என்று பென்சிலை வாங்கினால் அந்தப் படம் அதோடு உங்களுடையதாகிவிடும். அடுத்த முறை பிள்ளை தானாகவே பென்சிலை உங்களிடம் நீட்டும். நான்கு வயதில் “எனக்கு வராது” என்று சொல்லும் பிள்ளைகள் பலருக்கும் பின்னால், அன்பாகத் திருத்தித் தந்த ஒரு பெரியவர் இருக்கிறார்.

யானை கீறித் தரச் சொல்லி அடம்பிடித்தால் கேள்வி கேளுங்கள். தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் பார்த்த யானைக்குக் காது எவ்வளவு பெரிது? தும்பிக்கை நிலத்தைத் தொட்டதா? வால் நுனியில் என்ன இருந்தது? பதில் சொல்லிக்கொண்டே பிள்ளை கீறத் தொடங்கிவிடும். அது யானை போல இருக்காமல் போகலாம். பரவாயில்லை, உங்களுடையதும் அப்படித்தான் இருக்கப் போகிறது.

எந்த வயதில் தொடங்கலாம்? என் மகளுக்கு இரண்டரை வயது, சும்மா கிறுக்கிக்கொண்டே இருக்கிறாள்.

அவள் தொடங்கிவிட்டாள். கிறுக்கல்தான் முதல் படி. ஒஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர் 1947 இல் பிள்ளைகளின் படங்களை வயது வாரியாகப் பிரித்துக் காட்டினார். 2 முதல் 4 வயது வரை கிறுக்கல். 4 முதல் 7 வரை வட்டமும் கோடும் சேர்ந்து ஆளாக, வீடாக, சூரியனாக மாறும் காலம். 7 முதல் 9 வரை எல்லாவற்றுக்கும் பிள்ளை ஓர் ஒழுங்கு வைத்திருக்கும். அடியில் நிலத்துக்கு ஒரு கோடு, மேலே வானத்துக்கு ஒரு நீலப் பட்டை, இரண்டுக்கும் நடுவில் வெறும் வெள்ளை. வயது பிள்ளைக்குப் பிள்ளை முன்பின்னாகும், அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

மூன்று, நான்கு வயதில் வரும் ஆட்களைக் கவனியுங்கள். ஒரு பெரிய வட்டம், அதற்குள் கண்ணும் வாயும், வட்டத்திலிருந்தே நேராக இரண்டு கால். உடம்பே இருக்காது. “வயிறு எங்கே?” என்று திருத்தப் போகாதீர்கள். உலகின் பல மூலைகளிலும் பிள்ளைகள் இப்படித்தான் தொடங்குகிறார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் பஸ்ஸின் தகரத்தை ஊடுருவி உள்ளே இருப்பவர்களின் கால்கள்வரை தெரியும் படங்கள் வரும். பிள்ளை கண்ணுக்குத் தெரிவதைக் கீறுவதில்லை, தனக்குத் தெரிந்ததைக் கீறுகிறது. பஸ்ஸுக்குள் ஆட்களுக்குக் கால் இருக்கிறது என்று அதற்குத் தெரியும், அவ்வளவுதான்.

என்னென்ன வாங்க வேண்டும்?

குறைவாக. நூறு சாமான் அடுக்கிய பெரிய பெட்டியைப் பிறந்தநாளுக்கு யாராவது தருவார்கள். அதில் பாதி ஒரு கிழமைக்குள் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். நான் சொல்லும் பட்டியல் இதுதான்: ஒரு கட்டு டிமை பேப்பர், இரண்டு மூன்று பிரிஸ்டல் போர்ட், ஒரு பெட்டி பேஸ்டல், ஒரு போத்தல் கம், பிள்ளைக் கத்தரிக்கோல், ஒரு தடித்த தூரிகை, ஒரு மெல்லிய தூரிகை. பிறகு போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. பச்சையையும் செம்மஞ்சளையும் ஊதாவையும் வாங்காதீர்கள். மஞ்சளுக்குள் நீலம் விழுந்து பச்சையாகும் அந்த நிமிடத்தைக் கடையிலிருந்து வாங்கிய பச்சைப் போத்தல் பறித்துவிடும்.

பிளாட்டினம் பேனை என்கிற பஞ்சு நுனிக் கலர் பேனை எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும். ஆனால் மூடியைத் திரும்பப் போடும் பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. இருந்தால் இருக்கட்டும், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

தாளுக்குக் காசு செலவழிக்கத் தயங்குகிறவர்கள், அலுவலகத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து எறியும் ஏ4 தாள்களைக் கொண்டு வரலாம். பக்கத்தில் அச்சகம் இருந்தால் வெட்டி மிஞ்சும் நீளத் துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். அந்த ஒல்லியான தாளில் பிள்ளைகள் ரயில், பாம்பு, காலி (Galle) வீதி முழுவதையும் கீறுவார்கள். ரிப்பன், மணி, பளபளப்புத் தாள் தேவையானால் புறக்கோட்டைக்கு ஒரு நடை போய் வாருங்கள், கெய்சர் வீதிப் பக்கம். பிள்ளையைக் கூட்டிப் போனால் பட்டியலோடு போங்கள்.

எங்களுடையது தொடர்மாடியில் இரண்டறை வாடகை வீடு. சுவரில் கலர் பட்டால் வீட்டுக்காரர் விடமாட்டார்.

குளியலறைதான் உங்கள் ஸ்டூடியோ. பிள்ளையின் உடுப்பைக் கழற்றிவிட்டு, ஷாம்பு நுரையில் ஒரு துளி கேக் கலரிங் கலந்து கொடுங்கள். டைல்ஸ் சுவர் முழுக்கப் பூசட்டும். முடிந்ததும் சுவரையும் பிள்ளையையும் ஒன்றாகக் கழுவிவிடலாம். டைல்ஸுக்கு நடுவே உள்ள வெள்ளைச் சாந்தில் கலர் பிடிக்குமா என்று முதலில் ஒரு மூலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாட்களுக்கு ஒரு பழைய பெட்ஷீட், அப்பாவின் பழைய சேர்ட், விளிம்பு உயர்ந்த ஒரு தட்டம். கலரைப் போத்தலோடு கொடுக்காமல் யோகட் கப்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கலரே வேண்டாம். பல்கனித் தரையில் வெறும் தண்ணீரும் பெரிய தூரிகையும் போதும். கீறக் கீற வெயிலில் காய்ந்து மறையும், பிள்ளை திரும்பக் கீறும், உங்களுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்க நேரம் கிடைக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். தூரிகை கழுவிய தண்ணீர்க் கப்பைப் பல்கனி மூலையில் விட்டுவிடாதீர்கள். கொழும்பில் டெங்கு நுளம்புக்கு அந்தக் கப் தாராளம். ஒரு கிழமை நின்ற தண்ணீரில் முட்டை நுளம்பாகிவிடும். சிரட்டையில் கலர் கலக்குபவர்கள் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள்.

கடைக் கலர் இல்லாமல் வீட்டிலேயே கலர் செய்ய முடியுமா?

முடியும். எனக்கு மிகப் பிடித்த கேள்வியும் இதுதான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் சங்குப்பூ. ஒரு கைப்பிடி நீலப் பூவைச் சுடுதண்ணீரில் ஊற விட்டால் கடும் நீலம் இறங்கும். அதை மூன்று கிண்ணத்தில் பிரித்து ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் தேசிக்காய்ப் புளி சில துளி விட்டால் ஊதாவாகி, இன்னும் விட்டால் இளஞ்சிவப்புப் பக்கம் போகும். மூன்றாவதில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால் பச்சை கலந்த நீலமாகும். பூவில் உள்ள அந்தோசயனின் என்ற நிறப்பொருள் புளிப்புக்கு ஒரு நிறமும் காரத்துக்கு வேறு நிறமும் காட்டுவதால் வரும் விளையாட்டு இது. பெரிய பிள்ளைக்கு அமிலம், காரம் என்று சொல்லுங்கள். சின்னதுக்கு மந்திரம் என்றே இருக்கட்டும்.

அடுத்தது மஞ்சள். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து ஒரு வெள்ளைத் தாள் முழுக்கப் பூசிக் காய விடுங்கள். அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் காதுக்குச்சியைத் தோய்த்து அதன் மேல் எழுதினால், தொட்ட இடமெல்லாம் செந்நிறமாகும். அதன் மேல் தேசிக்காய்ப் புளி தடவினால் மறுபடி மஞ்சள். இரகசியக் கடிதம் எழுத இதைவிட நல்ல வழி இல்லை. மஞ்சள் துணியில் சவர்க்காரம் பட்டால் சிவக்கிறதே, அதே காரணம்தான். இந்தப் படங்களைச் சுவரில் மாட்டாதீர்கள், வெயில் பட்டால் மஞ்சள் வெளிறிவிடும். பீற்றூட் சாறும் அப்படித்தான், இன்று கத்தரிப்பூ நிறம், சில நாளில் மங்கல் பழுப்பு.

நிற்கும் நிறம் வேண்டுமென்றால் தேயிலை. கடுஞ்சாயத்தைப் பல தடவை பூசினால் பழைய ஓலைச்சுவடி நிறத்தில் தாள் வரும். அதிலேயே கறுப்பு மையும் செய்யலாம். துருப்பிடித்த சில ஆணிகளை ஒரு போத்தலில் போட்டு வினாகிரி ஊற்றி, மூடியை இறுக்காமல் சில நாள் வையுங்கள். உள்ளே வாயு வரும் என்பதால்தான் இறுக்கக் கூடாது. அந்தத் தண்ணீரைக் கடுஞ்சாயத்தில் கலந்தால் கண்ணெதிரே கறுக்கும். இரும்பும் தேயிலையின் துவர்ப்பும் சேர்ந்து செய்யும் வேலை. ஆணி, வினாகிரிப் பகுதியைப் பெரியவர் செய்யுங்கள். ஈர்க்கைச் சீவிப் பேனையாக்கிப் பிள்ளை எழுதட்டும்.

பல்கனியில் பசளிக் கொடி வைத்திருந்தால் அதன் கறுத்த பழத்தை நசுக்கினால் நல்ல ஊதா மை. உடுப்பில் பட்டால் உங்கள் பாடு.

மரக்கறி அச்சு செய்யச் சொல்லிப் பள்ளியில் அனுப்பியிருக்கிறார்கள். சாப்பாட்டு விலை இருக்கிற இருப்பில் மரக்கறியை வீணாக்க மனமில்லை.

வீணாக்க வேண்டாம். வெண்டிக்காயின் காம்புப் பக்கத்தைக் கறிக்கு வெட்டும்போது எப்படியும் எறிவீர்கள். அந்தத் துண்டே போதும், ஐந்து அறையுள்ள பூவாக அச்சு விழும். பாகற்காய் நுனி, காமரங்காயின் கடைசித் துண்டு, தாமரைக் கிழங்கின் முனை எல்லாம் நல்ல அச்சுகள். வெட்டிய பக்கத்தைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். இதைச் செய்யாததால்தான் பலருக்கு அச்சு ஊறி மொத்தையாகிறது. கலரை ஒரு ஸ்பொஞ்சில் ஊற வைத்து, மரக்கறியை அதில் தொட்டுத் தாளில் அழுத்துங்கள். கலரில் நேரே தோய்க்க வேண்டாம்.

உப்பு மாவில் செய்த பொம்மை எல்லாம் சில நாளில் வியர்த்து நசநசக்கிறது. ஏன்?

கொழும்புக் காற்றின் வேலை. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இணையத்தில் பார்க்கும் செய்முறைகள் பல வறண்ட, குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே இறுகிக் காயும் பொம்மை இங்கே மே மாத மழையில் இளகும்.

அதனால் இங்கே வைத்துக்கொள்வதற்குச் செய்யாமல் விளையாடுவதற்குச் செய்வதே புத்தி. ஒரு கப் கோதுமை மா, அரைக் கப் உப்பு, ஒரு கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி. கட்டியில்லாமல் கரைத்து, குறைந்த நெருப்பில் விடாமல் கிண்டுங்கள். கஞ்சியாக இருந்து, திடீரென்று சட்டியை விட்டுத் திரண்டு வரும். இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தால் வழுவழுவென்று இருக்கும். கலரிங் அப்போது சேர்க்கலாம். மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒன்றிரண்டு கிழமை தாங்கும். மணம் மாறினால் எறியுங்கள். உப்பு அதிகம், அதனால் வாயில் போடும் வயதுப் பிள்ளையிடம் தனியே விடாதீர்கள்.

நிரந்தரமாக ஏதாவது வேண்டுமென்றால் கடதாசிக் கூழ் நல்லது. ஊதிய பலூனில் பத்திரிகைத் துண்டுகளை மாப்பசை தடவி ஒட்டி முகமூடி செய்யலாம். மூன்று நான்கு அடுக்கு வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்தது. மழைக்காலத்தில் அவசரப்பட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும், மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். பசையில் கொஞ்சம் கராம்புத் தூள் சேர்த்தால் பூஞ்சணம் தள்ளிப் போகும். பழைய ஆட்கள் பசைக்குத் துருசு போடுவார்கள், அது நஞ்சு, பிள்ளைகள் வேலையில் கூடாது.

கரன்ட் இல்லாத நேரம் என்ன செய்யலாம்?

நிழல். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற நாட்களில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் சுவரில் கையால் மான், முயல், நாய் காட்டித்தான் இரவைக் கழித்தார்கள். தானியப் பெட்டி அட்டையில் உருவம் வெட்டி ஈர்க்கில் ஒட்டி, ஒரு வெள்ளைச் சீலைக்குப் பின்னால் டோர்ச் பிடித்தால் கூத்து ரெடி. டோர்ச்சுக்குக் கிட்டப் போனால் உருவம் பூதமாகும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

பக்கத்து வீட்டில் எல்லாரும் வெசாக் கூடு (பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக்கான காகித விளக்கு) கட்டுகிறார்கள். மகன் தனக்கும் வேண்டும் என்கிறான். நாங்கள் சைவம், கட்டலாமா? எப்படிக் கட்டுவது?

தாராளமாகக் கட்டுங்கள். ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் பிள்ளைகள். பக்கத்து வீட்டு அங்கிளிடமே கேட்டால் அவர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து சொல்லித் தருவார். சேர்ந்து கட்டுவதுதான் இதில் பாதிச் சந்தோஷம்.

அட்டபட்டம் என்று சொல்லும் கூடு பார்க்கக் கடினம், கணக்கு எளிது. ஒரே அளவு குச்சி 24 வேண்டும். சின்னதுக்கு ஈர்க்கின் தடித்த பக்கம், பெரியதுக்கு மூங்கில் சிலாகை. நான்கு நான்காக நூலால் கட்டி ஆறு சதுரம் செய்யுங்கள். ஒரு சதுரத்தை மேசையில் தட்டையாக வையுங்கள். அதன் நான்கு மூலையிலும் ஒவ்வொரு சதுரத்தை மூலைப்பாடாக, பட்டம் நிற்பதுபோல நிறுத்திக் கட்டுங்கள். அந்த நான்கின் பக்க மூலைகளையும் அடுத்தடுத்த சதுரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். மேலே தெரியும் நான்கு நுனியில் ஆறாவது சதுரத்தை வைத்துக் கட்டினால் முடிந்தது. இப்போது எண்ணச் சொல்லுங்கள்: ஆறு சதுரத்துக்கு நடுவே, யாரும் கட்டாமலே எட்டு முக்கோணம் வந்திருக்கும். தரம் 5 பிள்ளைக்கு இதைவிட நல்ல கேத்திரகணித பாடம் எந்த டியூஷனிலும் இல்லை.

ரிஷு பேப்பரைக் கட்டத்தைவிட ஒரு விரல் பெரிதாக வெட்டி, விளிம்பை மடித்து மாப்பசையால் ஒட்டுங்கள். மேல் சதுரத்தைத் திறந்து விடுங்கள். அடியில் ஒல்லியாக வெட்டிய தாள் வால்கள். உள்ளே மெழுகுதிரி வேண்டாம், சின்ன எல்ஈடி விளக்கு போதும். தொடர்மாடிப் பல்கனியில் கடல் காற்றுக்குக் கூடு ஆடும்போது நெருப்பு விளையாட்டல்ல.

சதுரம் ஒன்று கோணிப்போய் வைரம் போல நிற்கும். பெரும்பாலும் குச்சி அளவு சரியில்லை என்று அர்த்தம். எல்லாக் குச்சியையும் ஒரு குச்சியோடு வைத்தே வெட்டுங்கள், முன்னது வெட்டியதோடு வைத்து வெட்டினால் சின்னப் பிழை சேர்ந்து சேர்ந்து பெரிதாகும்.

அம்மம்மா, அப்பப்பா வீட்டில் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்க்க முடியுமா?

சேர்க்காவிட்டால் உங்களுக்குத்தான் நட்டம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வளர்ந்த ஒருவரிடம் ஒரு தென்னோலையைக் கொடுத்துப் பாருங்கள். கை தானாக மடிக்கும். காற்றாடி, பாம்பு, பந்து, கைக்கடிகாரம். மறந்துவிட்டேன் என்பார்கள், ஓலை கையில் வந்ததும் நினைவு வந்துவிடும். கொழும்பில் ஓலைக்கு எங்கே போவது என்றால், பக்கத்து வளவில் தேங்காய் பறிக்க ஆள் வரும் நாளில் கேளுங்கள்.

குருத்தோலைத் தோரணம் பின்னத் தெரிந்தவர் இருந்தால் கட்டாயம் பழகி வையுங்கள். நல்ல காரியத்துக்கு ஒரு விதம், துக்கத்துக்கு இன்னொரு விதம் என்று அதில் முறை இருக்கிறது. அதைத் தெரிந்த ஆட்கள் குறைந்து வருகிறார்கள்.

கோலமும் அப்படித்தான். தைப்பொங்கலுக்கு மட்டும் என்றில்லாமல், கறுப்புப் பிரிஸ்டல் போர்டில் வெள்ளைச் சோக்கால் புள்ளி வைத்துப் பழகலாம். நடுவில் ஐந்து புள்ளி, இரு பக்கமும் மூன்று, ஒன்று என்று குறைத்தால் ஒரு சின்னக் கோலத்துக்குப் போதும். ஆண் பிள்ளைகளையும் இருத்துங்கள்.

ஒன்று மூன்று வயது, மற்றது பத்து வயது. இரண்டையும் ஒரே நேரம் எப்படிச் சமாளிப்பது?

நீளமான தாளைத் தரையில் விரித்து, சின்னதுக்குப் பேஸ்டலையும் பெரியதுக்குத் தூரிகையையும் கொடுங்கள். சின்னது கண்டபடி கிறுக்கட்டும். பெரியது அந்தக் கிறுக்கலுக்குள் மீன், பறவை, முகம் தேடி வெளிக்கோடு போடட்டும். மேலே தண்ணீர்க் கலர் பூசினால் பேஸ்டல் பட்ட இடத்தில் கலர் பிடிக்காமல் விலகும். பற்றிக் துணியில் மெழுகு செய்யும் அதே வேலை.

சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் மணி, பட்டன், பயறு வேலை வேண்டாம், மூக்கிலும் தொண்டையிலும் போகும். குன்றிமணி வேண்டவே வேண்டாம். பிள்ளையாருக்குக் கண் வைக்கிறோம் என்று பல வீடுகளில் அது கிடக்கும். அதன் உள்ளே கொடிய நஞ்சு இருக்கிறது, தோல் உடைந்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மணி கோர்க்கவும் ஒட்டவும் குன்றிமணியைக் கொடுக்காதீர்கள், அலுமாரி மேலேயும் வைக்காதீர்கள்.

என் மகன் எப்போது பார்த்தாலும் பஸ்தான் கீறுகிறான். 100ஆம் இலக்கம், 101ஆம் இலக்கம். வேறொன்றும் இல்லை.

விடுங்கள். முதல் பஸ்ஸையும் இப்போது கீறும் பஸ்ஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடத்துநர் வந்திருப்பார், கண்ணாடி வந்திருக்கும், தொங்கிக்கொண்டு போகிறவர்கள் வந்திருப்பார்கள்.

கலரிங் புத்தகம் கெடுதலா?

இல்லை. களைத்த பிள்ளைக்கும் நீண்ட பயணத்துக்கும் நல்லது. அதையே சித்திரம் என்று எண்ணிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

டேப்லெட்டில் கீறுகிறாள், யூடியூப் பார்த்து அப்படியே கீறுகிறாள். பரவாயில்லையா?

பார்த்துக் கீறுவதில் கை பழகும், அதில் பிழையில்லை. ஆனால் டேப்லெட்டில் பிழைத்தால் ஓர் அழுத்தில் அழிந்துவிடும். தாளில் விழுந்த கோட்டை வைத்துக்கொண்டு அதை வேறு ஏதாவதாக மாற்ற வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தச் சங்கடம் பிடிக்கும்.

சித்திரப் போட்டிக்கு அனுப்பலாமா? நன்றாகக் கீறினால் பரிசு தருகிறேன் என்று சொல்லி உற்சாகப்படுத்தலாமா?

இதில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. முதலில் ஒரு விஷயம் சொல்கிறேன். 1973 இல் மார்க் லெப்பர், டேவிட் கிறீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக முன்பள்ளியில் ஓர் ஆய்வு செய்தார்கள். கலர் பேனையால் படம் கீறுவதில் ஏற்கனவே ஆசையுள்ள பிள்ளைகளை எடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு, கீறினால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லாமல், கீறி முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து வகுப்பில் பேனைகளைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசு சொல்லிக் கீற வைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் கீறினார்கள். எதிர்பாராமல் வாங்கிய பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை.

ஆக, பரிசு பிழையில்லை, பேரம்தான் பிழை. பிள்ளை சும்மா விரும்பிச் செய்துகொண்டிருந்த ஒன்றைச் சம்பளத்துக்குச் செய்யும் வேலையாக்கிவிடுகிறோம். பத்து வயதுக்கு மேல், பிள்ளையே விரும்பிக் கேட்டால் போட்டிக்கு அனுப்புங்கள். அதற்கு முன் வேண்டாம் என்பேன். போட்டிக்கென்று வகுப்பில் பழக்கிய படங்களை நான் பார்த்திருக்கிறேன்: முப்பது பிள்ளைகள், முப்பது பொங்கல் பானை, எல்லாவற்றிலும் இடது மூலையில் அரைச் சூரியன், வலது பக்கம் இரண்டு கரும்பு.

பாராட்டும்போதும் “வடிவா இருக்கு” என்று முடித்துவிடாதீர்கள். கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். “கடலுக்கு இரண்டு நீலம் போட்டிருக்கிறீங்கள்.” “இந்த ஆள் மட்டும் ஏன் இவ்வளவு உயரம்?” பிள்ளை கதைக்கத் தொடங்கும். சில நேரம் அந்த உயரமான ஆள் யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தியாகவும் இருக்கும்.

இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. இதற்கெல்லாம் நேரம் எங்கே?

கால்மணி நேரம் போதும். டியூஷன் முடிந்து வந்ததும் சாப்பாட்டுக்கு முன், மேசையில் தாளும் பேஸ்டலும் இருந்தால் பிள்ளை தானாகக் கை வைக்கும். அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் கேட்காது. “படம் கீறினால் ஞாபகசக்தி கூடும்” என்று சொல்லி இதையும் பரீட்சைக்குள் இழுத்துவிடாதீர்கள், பாவம்.

கொழும்பில் பிள்ளைகளோடு போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய, பாதி இலவசம். விகாரமகாதேவிப் பூங்காப் பக்கம் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் ஓவியர்கள் படங்களை வேலியில் சாய்த்து வைத்து விற்பார்கள். கேட்டால் எப்படிச் செய்தோம் என்று பிள்ளைக்குச் சொல்வார்கள். வருடத் தொடக்கத்தில் அதே வீதியில் கலா பொல நடக்கும், 1993 இல் தொடங்கிய திறந்தவெளி ஓவியச் சந்தை. அந்த வீதிக்குப் பெயர் தந்தவர் 1877 இல் கொழும்பில் பிறந்த கலை வரலாற்றாளர். நடந்து போகும் தூரத்திலுள்ள தேசிய அருங்காட்சியகம் திறந்ததும் அதே 1877 இல்தான். அங்கே முகமூடிகளுக்கு முன்னால் பிள்ளைகளை உட்கார வைத்துக் கீற விடுங்கள்.

பொரளை கோதமி விகாரைக்குப் போகாத பெற்றோர் பலர். அங்கே 1939, 40 இல் ஓவியர் ஜோர்ஜ் கீற் புத்தரின் வாழ்க்கையைச் சுவர் முழுக்கத் தீட்டியிருக்கிறார். கண், விரல், சேலை மடிப்பு எல்லாம் வளைந்து ஓடும் கோடுகள். வெள்ளை உடுப்போடு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் பாருங்கள். ஒரே கோட்டில் கையை எடுக்காமல் முகம் கீறும் விளையாட்டை அன்று இரவு வீட்டில் வையுங்கள். கீற் 1943 இல் உருவான 43 குழு என்ற ஓவியர் கூட்டத்தைச் சேர்ந்தவர். அந்தக் குழுவினரின் படங்களைப் பார்க்க பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் நிறுவனம் இருக்கிறது, அதே குழுவின் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு. வீட்டுச் சுவரில் படங்கள் தொங்குவதால் பிள்ளைகளுக்குப் பயம் வராது.

புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலை மறக்காதீர்கள். 1908, 1909 இல் கட்டியது. சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக, சதுரமாக, சுருளாக. சிவப்புப் பேஸ்டல் ஒன்றை மட்டும் கொடுத்து, மிச்சத்தை வெள்ளைத் தாளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுங்கள். சன நெரிசல் உள்ள இடம், அதனால் படம் எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் கீறுவது நல்லது.

எங்கே போனாலும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. “இதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்றால் எதை எடுப்பாய்?” என்று கேளுங்கள். அதை மட்டும் கீறிக்கொண்டு ஐஸ்கிறீம் குடிக்கப் போங்கள்.

கீறியது மலை மாதிரிக் குவிந்துவிட்டது. எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். கொழும்பு ஈரத்தில் அலுமாரிக்குள் கட்டி வைத்த தாளைப் பூஞ்சணமும் வெள்ளிப்பூச்சியும் தின்னும். மா, பருப்பு, சீனி ஒட்டிய வேலைகளை எறும்பும் கரப்பானும் தேடி வரும், அவற்றைப் படம் எடுத்துவிட்டு உடனே அகற்றுங்கள். மற்றவற்றில் மாதம் ஒன்றிரண்டைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும். பின்பக்கம் பென்சிலால் திகதியும், பிள்ளை அந்தப் படத்தைப் பற்றிச் சொன்ன ஒரு வசனமும் எழுதி, பிளாஸ்டிக் கோப்பில் போடுங்கள். பேஸ்டல் படங்களுக்கு நடுவே ஒரு வெற்றுத்தாள் வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றில் ஒன்று ஒட்டும்.

மிச்சத்தின் பின்பக்கத்தில் இன்னொரு படம் கீறலாம், பரிசுப் பொருள் சுற்றலாம், கடதாசிக் கூழுக்குக் கிழிக்கலாம். எறிவதென்றால் பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு எறியுங்கள், குப்பை வாளியின் மேலே தெரியும்படி வைத்துவிடாதீர்கள்.